80 சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு சொல்லலாம்? அச்சு விளம்பர வடிவமைப்பு, ஆரம்பப் பாடம்

செய்தித்தாளில் இரண்டு வகை விளம்பரம் உண்டு. ஒன்று வரி விளம்பரம். வீடு வாடகைக்கு, ஆள் தேவை மாதிரியானவை. அதற்கு வரிக்கோ சொல்லுக்கோ காசு. இன்னொன்று படம், கட்டம், பெரிய எழுத்து எல்லாம் போட்டு வரும் டிஸ்ப்ளே விளம்பரம். அதற்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கு. சொல்லுக்குக் காசு என்றால் எவ்வளவு சிக்கனமாக எழுதுகிறோம்! அதே ஆட்கள்தான் டிஸ்ப்ளே விளம்பரம் என்றதும் கொட்டித் தீர்க்கிறார்கள். இடத்துக்குக் காசு கொடுத்தாயிற்று, உள்ளே போடும் சொல் இலவசம் என்ற நினைப்பு. கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி ஆபரேட்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "தம்பி, அந்த மூலை சும்மாதானே கிடக்கு? தலையணையும் கிடைக்கும்னு போட்டுடுங்க" என்று சொல்லாத கடைக்காரர் அபூர்வம்.

நம்மூர் விளம்பரங்களில் பெரும்பாலானவை கெடுவது அங்கேதான். வாசகர் விளம்பரம் படிக்கப் பேப்பரைப் பிரிப்பதில்லை. செய்திக்கோ ராசிபலனுக்கோ போகிற வழியில் கண் அதன் மேல் பட்டு நகர்கிறது. நகர்கிற கண்ணை நிறுத்தி, ஒரே ஒரு செய்தியைக் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று காட்டிவிட்டால் விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. பத்துச் செய்தி கொடுத்தால் ஒன்றும் நிற்காது.

அளவைப் புரிந்துகொள்வோம். வழக்கமான பெரிய அளவு நாளிதழில் ஒரு பக்கம் சுமார் 33 செ.மீ. அகலம், 50 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் உயரம், 8 காலம் (மேலிருந்து கீழாக ஓடும் செய்திப் பத்தி). பத்திரிகைக்குப் பத்திரிகை சற்று மாறும் என்பதால், அவர்களுடைய அளவுப் பட்டியலை வாங்கிப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. 2 காலம் அகலம் என்றால் ஏறக்குறைய 8 செ.மீ. உயரம் 10 செ.மீ. என்று வைத்தால் 80 சதுர செ.மீ. உள்ளூர்க் கடைகள் அடிக்கடி எடுக்கும் அளவு இது. பக்கத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

ஒரு மெத்தைக் கடை விளம்பரம்

இந்த 80 சதுர செ.மீ.க்கு ஒரு கற்பனை மெத்தைக் கடையின் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வடிவம் எப்படி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் இரு பக்கமும் சாமி படம். கீழே நிழல் விழுகிற முப்பரிமாண எழுத்தில் கடைப் பெயர். வலப்பக்கம் உரிமையாளர் கைகூப்பி நிற்கிறார். இடப்பக்கம் நட்சத்திரத்துக்குள் 'ஆஃபர்'. நடுவில் இலவம்பஞ்சு மெத்தை, ரப்பர் ஃபோம், ஸ்பிரிங், தலையணை, திரைச்சீலை, கால்மிதி என 14 பொருள். அடியில் 2 கிளை முகவரி, 4 செல் எண். சுற்றி பூப்போட்ட பார்டர். குறை சொல்ல முடியாத உழைப்பு. ஆனால் கண் எங்கே போய் நிற்பது?

திருத்தம் ஒரு கேள்வியில் தொடங்குகிறது: இந்த விளம்பரத்தைப் பார்த்து யார் எழுந்து வர வேண்டும்? மெத்தை வாங்க நினைக்கும் எல்லோரும் என்றால் அது பதில் ஆகாது. வீட்டில் குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை வைத்திருப்பவர் என்றால் அது பதில். அவருக்கு என்ன வேண்டும்? இரவு படுக்க மெத்தை வேண்டும். பழையதைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் தரையில் படுக்க முடியாது. கடை ஒரே நாளில் செய்து தரும் என்றால் தலைப்பு கிடைத்துவிட்டது:

பழைய மெத்தை
ஒரே நாளில் புதுசு

கடைப் பெயர் தலைப்பு அல்ல. ஊருக்கே தெரிந்த கடைக்கு வேண்டுமானால் பெயரே தலைப்பாக நிற்கும். மற்றவர்களுக்கு வாசகரின் தேவைதான் மேலே வர வேண்டும், பெயர் கீழே கையெழுத்து மாதிரி. 'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்' என்பவையும் தலைப்பு அல்ல. மெத்தைக் கடைப் பெயரை எடுத்துவிட்டு மருந்துக் கடைப் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வாசகம் எந்தக் கடையையும் விற்காது.

இனி அளவுகள். நான்கு பக்கமும் உள்ளே 4 மி.மீ. விட்டால் மிஞ்சுவது 72 × 92 மி.மீ. மேலே படம் 32 மி.மீ. உயரம். தலைப்பு 24 பாயிண்ட் (எழுத்தை அளக்கும் அலகு, ஒரு பாயிண்ட் சுமார் 0.35 மி.மீ.), வரிக்கு 30 பாயிண்ட் இடைவெளி, இரண்டு வரிக்கு 21 மி.மீ. அந்த எழுத்தில் ஒரு வரிக்கு 11 அல்லது 12 எழுத்து கொள்ளும். நம் இரண்டாவது வரியில் இருப்பது 8 எழுத்தும் இரண்டு இடைவெளியும். அடுத்து 10 பாயிண்டில் இரண்டே வரி: 'இலவம்பஞ்சைப் பிரித்து அடித்து, புது உறை. வீட்டுக்கே வந்து எடுத்துப்போவோம்.' இதற்கு 10 மி.மீ. பிறகு கடைப் பெயர் 6, முகவரி 4, செல் எண் 6. கூட்டினால் 79 மி.மீ. மிச்சம் 13.

அந்த 13-ஐப் பிரிப்பதில்தான் கை தெரியும். மேலிருந்து கீழ்வரை சமமாகத் தூவக் கூடாது. படத்துக்கும் தலைப்புக்கும் நடுவே 3, தலைப்புக்கும் விவரத்துக்கும் 3. மீதி 7-ஐ மொத்தமாகக் கடைப் பெயருக்கு மேலே விட வேண்டும். இப்போது கண் இரண்டு கொத்துகளைப் பார்க்கிறது: மேலே 'என்ன', கீழே 'எங்கே'. ஒன்றோடொன்று சேர்ந்த விஷயங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், சேராதவை தள்ளி நிற்க வேண்டும். வடிவமைப்பில் முதலில் கற்க வேண்டியது இதுதான். ஓரத்தையும் நடு இடைவெளிகளையும் சேர்த்தால் வாங்கிய இடத்தில் கால் பங்குக்கு மேல் வெற்றிடம். கடைக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் அந்தக் கால் பங்குதான் மீதியைப் படிக்க வைக்கிறது.

14 பொருள் என்ன ஆயிற்று? போயே போயிற்று. மெத்தையைக் கொண்டுவருபவர் கடையில் தலையணையைப் பார்த்துக்கொள்வார். 4 செல் எண் ஒன்றாயிற்று. அதையும் ஐந்து ஐந்து எண்ணாகப் பிரித்து 16 பாயிண்டில் போட வேண்டும், 10 எண்ணையும் சேர்த்து அடித்தால் நடுவில் தடம் மாறும். முகவரியில் கதவு எண்ணைவிட 'பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில்' அதிகம் உதவும். சாமி படத்தைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம், கடைக்காரர் விடமாட்டார். மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழியோடு சமாதானம் ஆகிவிடலாம்.

காலி இடம் எப்போது பேசும்

வெற்றிடம் என்றதும் வடிவமைப்புக்காரர்கள் எல்லோரும் சொல்கிற உதாரணம் 1959-இல் அமெரிக்காவில் வந்த ஃபோக்ஸ்வாகன் விளம்பரம். நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் செய்தது. வடிவமைத்தவர் ஹெல்முட் க்ரோன், வாசகம் ஜூலியன் கோனிக். அந்தக் காலத்து அமெரிக்கக் கார் விளம்பரங்களில் கார் பக்கத்தை அடைத்துக்கொண்டு, இருப்பதைவிட நீளமாகத் தெரியும்படி வரையப்பட்டிருக்கும். இவர்கள் பக்கத்தின் பெரும்பகுதியைக் காலியாக விட்டு, மேலே இடது பக்கம் பூச்சி மாதிரி ஒரு சின்னக் கார். அடியில் 'சின்னதாக யோசியுங்கள்' என்ற தலைப்பு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் மூன்று காலமாக விளக்கம்.

இதிலிருந்து பலர் எடுத்துக்கொள்வது, நிறைய இடம் விட்டால் விளம்பரம் அழகாகிவிடும் என்று. அது தவறான பாடம். அங்கே காலி இடமே செய்தி: கார் சின்னது, அதுதான் அதன் பெருமை. தள்ளுபடி அறிவிக்கும் ஜவுளிக்கடை அப்படி ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டால் சரக்கு இல்லாத கடை என்றுதான் தோன்றும். ஆடி மாதத்தில் நிரம்பி வழிவதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. எந்தத் தொனி பொருளுக்குச் சேருமோ அதுதான் சரி. நெரிசலான பக்கத்தில் அமைதியான சின்னக் கட்டம் தனியாகத் தெரியும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

செய்தித்தாள் விளம்பரத்துக்கு அரை முதல் 1 பாயிண்ட் வரை மெல்லிய கோட்டுக் கட்டம் அவசியம். இல்லாவிட்டால் பக்கத்து விளம்பரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பூப்போட்ட பார்டர் வேண்டாம்; இரண்டு பக்கமும் 3 மி.மீ. தின்றுவிடும்.

தமிழ் எழுத்துக்கென்று உள்ள சிக்கல்கள்

ஆங்கில எழுத்தை வைத்து எழுதிய வடிவமைப்புப் பாடங்களில் இது கிடைக்காது. தமிழ் எழுத்து மேலும் கீழும் நீளும். 'கீ', 'தி' மேலே ஏறும். 'கூ', 'ழு' கீழே இறங்கும். ஆங்கிலத்தில் 10 பாயிண்டுக்கு 12 பாயிண்ட் வரி இடைவெளி போதும். தமிழில் 14-க்குக் குறைந்தால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். எழுத்துருவுக்கு எழுத்துரு 10 பாயிண்டின் உண்மையான உயரமும் மாறுவதால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அதே பத்திரிகையின் செய்தி எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிடச் சிறியதாக எதுவும் போகக் கூடாது.

தமிழ்ச் சொல் நீளமானது. வரிக்குள் அடங்கவில்லை என்றால் ஆபரேட்டர் செய்யும் முதல் காரியம், அகலத்தை 70 சதவீதமாக நசுக்குவது. நசுக்கினால் நெடுக்குக் கோடு மெலிந்து படுக்கைக் கோடு தடித்துத் தெரியும். 'ண'வின் சுழிகள் ஒட்டி, அது 'ண'வா 'ன'வா என்று தெரியாது. நசுக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள். அல்லது நசுக்காமலேயே குறுகலாக வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுங்கள்.

வரி உடைக்கும்போது அர்த்தம் உடையக் கூடாது. நகைக்கடைகளின் பழகிய வாசகத்தையே எடுங்கள். 'செய்கூலி, சேதாரம்' என்பது கொட்டை எழுத்தில் மேல் வரியில் வந்து, 'இல்லை' என்பது கீழ் வரியில் மெலிந்து நின்றால், தூரத்திலிருந்து பார்ப்பவர் படிப்பது சேதாரம் என்பதை மட்டும்தான். மறுக்கும் சொல் எதை மறுக்கிறதோ அதே வரியில், அதே கனத்தில் இருக்க வேண்டும்.

புள்ளிக்கு வருவோம். 8 பாயிண்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி சுமார் 0.3 மி.மீ. தான். செய்தித்தாள் தாளில் மை பரவும். கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து வைத்தால், அச்சுக்காரர்கள் ரிவர்ஸ் என்பார்களே அது, சுற்றியிருக்கும் மை உள்ளே பாய்ந்து புள்ளியை மூடிவிடும். 'பல்' 'பல' ஆகிவிடும்; பல் மருத்துவர் விளம்பரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ரிவர்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் 12 பாயிண்டுக்குக் குறையாத, ஒரே தடிமன் கொண்ட போல்டு எழுத்து, ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு தொல்லை எழுத்துரு குறியீடு. பழைய முறைக் குறியீட்டில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடு என்றால் வேறு பிரச்சினை: லேஅவுட் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். துணைக்கால் விசைக்குப் பதில் 'ர' அடிக்கும் பழைய பழக்கமும் சில கைகளில் இன்னும் போகவில்லை. திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் வேறு எழுத்துருவுக்கு மாற்றியதும் சாயம் வெளுத்துவிடும். பத்திரிகைக்கு அனுப்பும் பி.டி.எஃப்.-இல் எழுத்துருவைப் பதித்தோ, எழுத்தை வடிவமாக மாற்றியோ அனுப்புங்கள். அனுப்பிய அந்தக் கோப்பையே திறந்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

தாளும் மையும் செய்வது

திரையில் பளிச்சென்று இருந்தது பேப்பரில் சகதியாக வந்தது என்ற புகாருக்குப் பெரும்பாலும் அச்சகம் காரணமில்லை. செய்தித்தாள் தாள் மெல்லியது, பூச்சு இல்லாதது, மையை உறிஞ்சும். படத்தின் சாம்பல் நிறங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனவை. கோப்பில் 50 சதவீதம் இருக்கும் புள்ளி இந்தத் தாளில் பரவி 75-ஐ ஒட்டி வந்துவிடும். அதனால் படத்தின் நடுத்தர நிறங்களை முன்கூட்டியே வெளிறச் செய்ய வேண்டும். திரையில் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிந்தால் தாளில் சரியாக வரும். கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைமுடி, இருட்டுப் பின்னணி மூன்றும் சேர்ந்த படத்தை எடுக்கவே வேண்டாம்.

படத்தின் நுணுக்கம் செய்தித்தாளுக்கு அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 200 பிக்சல் போதும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் பத்திரிகைக்கு 300. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எண் கூடும், தெளிவு கூடாது.

கறுப்பு எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம் கொண்ட ஆர்.ஜி.பி. கோப்பின் கறுப்பை அச்சுக்கான நான்கு நிறத்துக்கு மாற்றும்போது, மென்பொருள் தன் வழக்கமான அமைப்பில் அதைச் சயான் (வெளிர்நீலம்) 75, மெஜந்தா (இளஞ்சிவப்பு) 68, மஞ்சள் 67, கறுப்பு 90 சதவீதம் என்று ஆக்கிவிடும். கூட்டினால் 300. செய்தித்தாள் தாங்குவது 240 வரைதான். மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். அதைவிட மோசம், நிறத்துக்கு ஒன்றான நான்கு அச்சுத் தகடும் அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். வேகமாக ஓடும் இயந்திரத்தில் கால் மி.மீ. விலகுவது சாதாரணம். நாம் பார்த்த மெய்யெழுத்துப் புள்ளியின் அளவே ஏறக்குறைய அவ்வளவுதானே! எழுத்துக்கு இரட்டை நிழல் விழுந்து கண் கூசும். ஆகவே எழுத்து எப்போதும் கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் 0. சிவப்பு எழுத்துக்கும் இதே ஆபத்து. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்ததுதான் சிவப்பு. தலைப்புக்குச் சிவப்பு சரி, 10 பாயிண்ட் விவரத்துக்கு வேண்டாம்.

நிறத் தேர்வுக்குச் சுருக்கமான சோதனை: வடிவத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள். அதில் படிக்க முடிந்தால் வண்ணத்திலும் முடியும். பச்சைத் தளத்தில் சிவப்பு எழுத்து திரையில் துள்ளும், ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். வெள்ளையில் மஞ்சள் எழுத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படமும் பார்வையும்

படம் செய்தியின் பாதியைச் சொல்ல வேண்டும். நம் மெத்தை விளம்பரத்துக்குச் சிரிக்கும் குடும்பம் தேவையில்லை. ஒரே படத்தில் இடப்பக்கம் குழி விழுந்த மெத்தை, வலப்பக்கம் உப்பிய மெத்தை. தலைப்பைப் படிக்காதவருக்கும் பாதி புரிந்துவிடும். மனித முகம் இருந்தால் கண் முதலில் அங்கே போகும், பிறகு அந்த முகம் பார்க்கும் திசையில் போகும். பக்கத்துக்கு வெளியே பார்க்கும் முகம் வாசகரையும் வெளியே அனுப்பிவிடும். தலைப்பையோ பொருளையோ பார்த்தபடி வையுங்கள். சினிமா நட்சத்திரம் நிற்கும் விளம்பரத்தில் பொருள் ஞாபகம் இல்லாமல் போவது அடிக்கடி நடப்பது. தினமும் விளம்பரம் தரும் பெரிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகும். உள்ளூர்க் கடைக்குக் கடையின் பொருளே நட்சத்திரம்.

நட்சத்திரக் குறிக்குப் பின்னால்

'50% தள்ளுபடி' மலையளவு, 'வரை' கடுகளவு. இது நாணயப் பிரச்சினை மட்டும் இல்லை, சட்டப் பிரச்சினையும்கூட. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள்படி, நிபந்தனை வாசகம் விளம்பர வாசகத்தின் அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். தமிழில் சலுகை, ஆங்கிலத்தில் நிபந்தனை என்ற வழக்கமும் இதில் அடிபடுகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. சர்க்கரை நோய் குணமாகும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படி ஒரு வேலை வந்தால் வடிவமைப்பாளர் திருப்பி அனுப்புவது நல்லது.

கியூஆர் கோடு

சேர்ப்பதென்றால் 2 செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளைத் தளத்தில் கறுப்பு மை மட்டும். சிறிய இணைப்புக்கான கியூஆர் கோடு 25 கட்டம் அகலம். இரு பக்கமும் நான்கு நான்கு கட்டம் வெள்ளை விட வேண்டும், ஆக 33. 2 செ.மீ.யில் ஒரு கட்டம் 0.6 மி.மீ. வரும், செய்தித்தாள் தாளில் தாங்கும். நீளமான இணைப்பைக் கொடுத்தால் கட்டம் 41 ஆகி, ஓரத்தோடு 49, ஒவ்வொன்றும் 0.4 மி.மீ.க்குச் சுருங்கும். மை பரவினால் ஸ்கேன் ஆகாது. இணைப்பைச் சுருக்குங்கள். நம் 80 சதுர செ.மீ.யில் இதற்கு இடமே இல்லை என்பது வேறு விஷயம். செல் எண் போதும்.

அனுப்பும் முன்

திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதுதான் கடைசித் தவறு. உண்மையான அளவில் பிரிண்ட் எடுங்கள், வெட்டுங்கள், நேற்றைய பேப்பரில் விளம்பரங்கள் நெருங்கிய ஒரு பக்கத்தில் ஒட்டுங்கள். பேப்பரை மடித்து, விஷயமே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள். முடித்ததும் என்ன விளம்பரம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 'ஏதோ மெத்தை' என்றால் தலைப்பில் வேலை மிச்சம் இருக்கிறது. 'பழைய மெத்தையைப் புதுசாக்கித் தராங்களாம், ஒரு நாளில்' என்றால் அனுப்பலாம். பிறகு செல் எண்ணைத் தாளைப் பார்த்து ஒருமுறை அழுத்தி, கடையில் மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.